செவிசாய்த்து நடந்தவர்: புனித யோசப் வாஸ் அடிகள்

இறைவனின் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டும் என்பது மறைக்கல்வி வகுப்பில் நாம் அடிக்கடி கேட்ட பாடம். அது எவ்வளவு கடினமானது என்பதை வளர்ந்த பின்னரே உணர்கிறோம். எது இறைவனின் குரல், எது எமது சொந்த விருப்பம், எது வெறும் அதிகாரத்தின் மிரட்டல் என்று பிரித்தறிவது இலகுவல்ல. அதைப் பிரித்தறிந்து வாழ்ந்து காட்டிய புனித யோசப் வாஸ் அடிகளை இந்த நூற்றாண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

அடிகள் 1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனாவ்லிம் கிராமத்தில் பிறந்தார். 1676இல் குருவானார். அடுத்த ஆண்டே தம்மை மரியன்னையின் அடிமையாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அவர் வாழ்வு முழுவதும் அந்தப் பத்திரத்தின்படியே நடந்தது எனலாம்.

அக்காலத்தில் எமது மண்ணின் நிலை வேறாக இருந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் கடற்கோட்டையும் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது பெருங்குற்றமாயிற்று. ஆலயங்கள் ஒல்லாந்தரின் சபைக்குரியவையாயின. தீவகத்திலும் பிள்ளைகள் அவர்களுடைய ஆலயப் பாடசாலைக்குப் போக வேண்டியிருந்தது. பகலில் அங்கே ஒரு பாடம், இரவில் வீட்டில் தாயின் செபமாலை என்று இரு குரல்களுக்கிடையே பலர் வளர்ந்தனர்.

குருவின்றித் தவித்த இம்மக்களைப் பற்றிக் கேள்விப்பட்ட அடிகள் இலங்கைக்கு வர விரும்பினார். கோவாவின் திருச்சபைப் பெரியோரோ 1681இல் அவரைக் கனரா நாட்டுக்கு அனுப்பினர். நல்ல விருப்பம் என்பதனாலேயே அது இறைவனின் கட்டளையாகிவிடும் என்று அவர் எண்ணவில்லை, பணிந்து சென்றார். அங்கே மறைப்பணி அதிகாரம் யாருக்கு உரியது என்ற பிணக்கு நடந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே பொறுமையோடு மூன்று ஆண்டுகள் உழைத்தார். திரும்பி வந்து 1685இல் கோவாவின் ஒறற்றோரியன் குருக்களுடன் சேர்ந்து அவர்களின் தலைவரானார். மறு ஆண்டு அந்தப் பதவியை விட்டு இலங்கைக்குப் புறப்பட்டார்.

1687இல் கூலியாள் வேடத்தில், யோவான் என்ற உண்மையுள்ள பணியாளருடன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் கடுமையான வயிற்றுளைவு அவரை வீழ்த்தியது. ஒரு பெண் நாள்தோறும் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவரைக் காத்தது என்பது வழிவழிச் செய்தி. உடலில் நீர் வற்றிப்போகும் அந்நோய்க்கு உப்பிட்ட கஞ்சியைவிட நல்ல கைமருந்து அன்று வேறில்லை என்பதை மருத்துவத் தொழிலில் இருக்கும் நாம் அறிவோம். பெயர் தெரியாத அந்தப் பெண்ணும் ஒரு குரலைக் கேட்டவள்தானே!

தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு பிச்சைக்காரரைப்போல வீடுவீடாகச் சென்றார். அதைக் கண்டு முகம் மாறியவர்கள் யார் என்று கவனித்தே கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலை அவரது நிலையமாயிற்று. இரவில் திருப்பலி, விடியுமுன் இடமாற்றம் என்று பணி தொடர்ந்தது. திருச்சபைப் பெரியோருக்குக் குழந்தைபோலப் பணிந்தவர், இறைவழிபாட்டைத் தடுத்த ஆட்சியாளரின் கட்டளைக்கு மட்டும் பணியவில்லை. கலகம் செய்யவுமில்லை, அமைதியாகத் தம் கடமையைச் செய்தார்.

அதற்கு விலை இருந்தது. 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களைச் சுற்றிவளைத்து, ஏறக்குறைய 300 பேரைப் பிடித்தனர். முதன்மையானவர்கள் கொடூரமாக அடிக்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். அடிகள் தப்பினார். தம் பொருட்டு மற்றவர்கள் அடிபட, தாம் உயிரோடிருப்பது எவ்வளவு பெரிய பாரம்! அந்தப் பாரத்தோடு புத்தளம் சென்றார். 1692இல் கண்டியை அடைந்தபோது ஒற்றர் எனச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கும் பணியை விடவில்லை. 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, உறவினரே கைவிட்டுக் காட்டில் விட்ட நோயாளரைத் தேடிச்சென்று கழுவி, உணவூட்டி, இறந்தவரைப் புதைத்தார். மதம் பார்க்கவில்லை. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் மதிப்பை அவருக்குப் பெற்றுக்கொடுத்தது இந்தப் பணியே. பின்னர் ஆயர் பதவி தேடி வந்தபோதும் அதை ஏற்கவில்லை.

1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். வாழ்நாளெல்லாம் செய்யாததை மரணவேளையில் செய்வது அரிது என்பதே உடனிருந்தோருக்கு அவர் விட்டுச்சென்ற இறுதிப் புத்திமதியின் சாரம். 1995இல் அருளாளராகவும் 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் புனிதராகவும் அவர் உயர்த்தப்பட்டார்.

அன்புச் சகோதரிகளே, போரும் இடப்பெயர்வும் எம்மைத் தீவகத்திலிருந்து உலகின் பல திசைகளுக்குக் கொண்டுசென்றன. எந்த நாட்டில் வாழ்ந்தாலும் முடிவெடுக்கும் வேளைகள் எமக்கும் வருகின்றன. முதுமையுற்ற பெற்றோரை யார் பார்ப்பது, கைநிறையச் சம்பளம் தரும் ஆனால் மனச்சாட்சி உறுத்தும் வேலையை ஏற்பதா, பிள்ளையின் விருப்பத்துக்கு எங்கே இடம் கொடுப்பது, எங்கே மறுப்பது? அடிகள் எமக்குக் காட்டும் வழி எளியது. எமது விருப்பத்தை உடனே இறைசித்தம் என்று பெயரிடாமல், செபத்திலும் பெரியோரின் சொல்லிலும் அதைச் சோதிப்போம். காத்திருக்கச் சொன்னால் காத்திருப்போம். இறைவனுக்கும் அயலாருக்கும் எதிராக எவர் கட்டளையிட்டாலும் பணியாதிருப்போம். கேட்கும் பழக்கம் நெருக்கடி நாளில் திடீரென வருவதில்லை. அதை இன்றே பழகுவோம்.