கான்சாகிபு

மதுரையிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்க வந்த என் பாட்டி, கான்சாகிபு கதையைச் சொல்லித்தான் எனக்குச் சோறூட்டினார்.

யார் இந்தக் கான்சாகிபு? இராமநாதபுரச் சீமைப் பனையூரில் பிறந்த மருதநாயகம். இசுலாம் தழுவி யூசுப்கான் ஆனவன். கும்பெனிப் படையில் சேர்ந்து தளபதியானான்; புலித்தேவனை ஒடுக்கினான்; மதுரையை ஆண்டான். ஆர்க்காட்டு நவாபுக்குப் பணிய மறுத்ததும், நேற்றைய வீரன் இன்றைய துரோகியானான்! முற்றுகையிட்டும் வீழாத கோட்டையை உடனிருந்தோரே காட்டிக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிட்டு, உடலைத் துண்டாடினர்.

பெயரைத் துண்டாட முடிந்ததா? ‘கான்சாகிபு சண்டை’ நாட்டுப்பாடலாயிற்று. சம்மட்டிபுரத்தில் அவன் சமாதி நிற்கிறது. 1997இல் கமலகாசன் ‘மருதநாயகம்’ படத்தைத் தொடங்கினார்; அது முடியாமல் நின்றும் பேச்சு நிற்கவில்லை.

தோழர்களே! துரோகி என்றால், தீர்ப்பெழுதியவர் யாரெனக் கேட்போம். வீரன் என்றால், அவன் வாளுக்கு இரையானோரையும் நினைப்போம்.