பிரித்துப் பார்த்த பெருந்தகை

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஜி.டி. நாயுடு அவர்கள். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர்களுக்கும் அவரைப் பிடித்ததாகத் தெரியவில்லை. தொடக்கக் கல்வியோடு அவருடைய படிப்பு நின்றது. பிற்காலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியே தோன்றக் காரணமாக இருந்தவர் அவர் என்பதை நினைக்கும்போது, மூன்றாம் ஆண்டு இயற்பியல் படிக்கும் எனக்கே சற்று வெட்கமாக இருக்கிறது.

அன்னாரை அதிசய மனிதர் என்றும், இந்தியாவின் எடிசன் என்றும் புகழ்ந்து எழுதுவது வழக்கம். அவர் செய்த பொருள்களின் பட்டியலை நீட்டுவது என் நோக்கமன்று. என் தேவை சிறியது. சங்கரன்கோவிலுக்கு வடக்கே எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் பிச்சிப்பூத் தோட்டம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் கரிசல் மண் சக்கரத்தை விடாது. இரு சக்கர வண்டி ஓடைக்கு அப்பாலேயே நின்றுவிடும். விடியுமுன் பூ மார்க்கெட்டுக்கு வந்து சேர வேண்டிய கூடையை என் தம்பி தலையில் சுமந்து வருகிறான். ஆகவே பழைய ஆட்டோ ரிக்ஷா எஞ்சினைப் பின்னால் வைத்து, இரும்புப் பைப்பால் சட்டம் கட்டி, சேற்றில் ஓடும் சிறு வண்டியொன்றை நாங்களே செய்வது என்று நண்பர்கள் மூவர் முடிவு செய்தோம். எஞ்சின் கிடைத்தது, பைப்பும் கிடைத்தது. அதைப் பற்றவைக்கும் கை எது என்பதில்தான் இரண்டு மாதம் ஓடிற்று. அந்த இரண்டு மாதத்தில் நான் படித்தது நாயுடு அவர்களின் வரலாறு.

சிறுவயதில் அவர் ஊர்ப்பக்கம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுவிட்டதாம். அதை அவர் துடைத்துச் சரிசெய்து மீண்டும் ஓட்டிச் சென்றதைப் பையன் இமைக்காமல் பார்த்திருக்கிறான். பிறகு கோவைக்கு நடந்து சென்று, ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து, சில ஆண்டுகள் சம்பளத்தைச் சேர்த்து, ஏறத்தாழ 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே விலைக்கு வாங்கினான் என்பர். வாங்கியதும் செய்த முதற்காரியம் சவாரி அன்று. வண்டியைத் திருகு திருகாகப் பிரித்துத் தரையில் பரப்பி, மறுபடியும் பூட்டினான். அவருடைய வாழ்நாள் முழுவதும் இந்த ஒரு செயலின் விரிவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியே பளபளப்பதை நம்பாமல், உள்ளே பார்த்த பிறகே ஒரு பொருளை நம்புவது அவர் இயல்பு.

இடையில் பஞ்சு வணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய் சென்று அதனை இழந்தார். இதனை விரிக்க வேண்டியதில்லை. ஊர் திரும்பியவருக்குக் கோவையில் தொழில் நடத்திவந்த இராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்தார். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்து. ஓட்டியவரும் அவரே. அந்த ஒன்று பெருகி, 1933ஆம் ஆண்டளவில் யு.எம்.எஸ். என்னும் பெயரில் ஏறத்தாழ 280 வண்டிகளாயிற்று. பேருந்து நிலையத்தில் வண்டி வரும் நேரத்தைப் பயணிகளுக்கு அறிவிக்கும் ஏற்பாடும், நேரந் தவறாமையும், சொந்தப் பட்டறையும் அந்த நிறுவனத்தின் அடையாளங்கள். வண்டி நின்றால் பிறர் பட்டறை வாசலில் காத்துக் கிடக்கும் வழக்கம் அங்கே இல்லை. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரைப் பீளமேட்டில் உருவாக்கினார். கோவை பம்பும் மோட்டாரும் தென்பாண்டிக் கிணறுகள் வரை வந்து சேர்ந்ததற்கு அது ஒரு வித்து. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஓடுவதும் கோவை மோட்டார்தான்.

நாயுடு அவர்களின் வழியைப் பற்றவைப்புக்குப் பொருத்திப் பார்க்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. மரையாணி போட்டுப் பூட்டியதைக் கழற்றிப் பார்க்கலாம். பற்றவைத்ததைக் கழற்ற முடியாது, உடைக்கத்தான் முடியும். மேலே மீன்செதில் அடுக்கியது போல் அழகாகத் தோன்றும் பற்று, அடியில் இரும்போடு இரும்பாக உருகி ஒன்றாமல் வெறுமே ஒட்டிக்கொண்டிருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேலும் ஓரிடத்து ஆணி தளர்ந்தால் அந்த ஓரிடம் மட்டும் ஆடும். பற்றவைத்த சட்டத்திலோ எல்லாம் ஒரே இரும்பாகிவிடுவதால், ஓரிடத்தில் பிறந்த விரிசல் தடையின்றி ஓடும். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் பற்றவைத்துக் கட்டிய ஸ்கெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல், 1943 ஜனவரியில், அலையோ புயலோ இல்லாத துறைமுகத்தில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. குளிரில் நொறுங்கும் எஃகும் பற்றவைப்பின் குறையும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. நம் ஊரில் அத்தகைய குளிர் இல்லைதான். ஆனால் ஓடைக்குள் இறங்கி ஏறும் வண்டி நொடிக்கு நொடி முறுக்கப்படுகிறது. ஓட்டப் போகிறவன் என் தம்பி. (கழுகுமலை வெட்டுவான் கோயிலைக் காணும்போதெல்லாம், ஒரே பாறையைக் குடைந்து ஒட்டே இல்லாமல் செய்த பாண்டிய நாட்டுச் சிற்பியின் மேல் எனக்குப் பொறாமை உண்டாகும்.)

எங்கள் முன் இரண்டு பட்டறைகள் இருந்தன. முதலாவது கடைவீதியை ஒட்டியது. புதிய இன்வெர்ட்டர் மெஷினும், கார்பன்-டை-ஆக்சைடு வாயுவோடு கம்பி தானே ஓடிவரும் மெஷினும் அங்கே உண்டு. வீட்டுக் கேட், ஜன்னல் கிராதி எல்லாம் மின்னுகின்றன. இரண்டாவது கழுகுமலைச் சாலையில் ஓர் ஓலைக் கொட்டகை. டிராக்டர் டிரெய்லரும் கலப்பையும் பழுது பார்க்கும் வயதான அண்ணாச்சி ஒருவர், பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினோடு இருந்தார். மெஷினைப் பார்த்தால் முதற்கடைதான். வாயு மெஷின் மெல்லிய பைப்புக்கு எளிது என்பதும் உண்மை. ஆனால் உருகும் இரும்பைக் காற்றுப் படாமல் காப்பது அந்த வாயுத்திரைதான். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று நம் பகுதியில் காற்றாலை விசிறிகளையே சுற்றுகிறது. திறந்த வாசலில் வைத்துப் பற்றவைத்தால் அந்தத் திரையை வாரிக்கொண்டு போய்விடும். பற்றுக்குள் தேன்கூடு போல் ஓட்டை விழும். ராடு வெல்டிங்கில் ராடின் மேற்பூச்சே எரிந்து புகையாகவும் கசடாகவும் மூடிக் காக்கும். எனவே மெஷினின் விலையைக் கொண்டு முடிவு செய்வதை விட்டுவிட்டு, நாயுடு அவர்களின் வழிக்கு வந்தோம்.

இரண்டு பட்டறையிலும் ஒரே வேலையைக் கொடுத்தோம். சட்டத்துக்கு வாங்கிய அதே 2 மில்லிமீட்டர் கனமுள்ள பைப்பில் ஒரு மூட்டு. ஒரு தகட்டின்மேல் மற்றொரு தகட்டை நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் ஒரு பற்று. கூலி கொடுத்து வாங்கிவந்து, மூட்டை ஹாக்சாவால் குறுக்கே அறுத்தோம். நிறுத்திய தகட்டைப் பற்று இருக்கும் பக்கமாகவே சம்மட்டியால் அடித்து மடக்கினோம். முதற்கடையின் தகடு நான்காம் அடியில் பிளந்தது. உள்ளே அடிமூலை உருகாமல், வெட்டிய கோடு வெட்டியபடியே தெரிந்தது. பைப் மூட்டில் இடைவெளியை அடைக்க ஒரு துண்டு ராடையே உள்ளே செருகி மேலே மெழுகியிருந்தார்கள். கிராதிக்கு அது போதும், குற்றம் சொல்வதற்கில்லை. அண்ணாச்சியின் தகடு ஒட்ட மடங்கியும் பற்று விடவில்லை. பைப் முனையை மற்றப் பைப்பின் வளைவுக்கேற்ப அரத்தால் ராவி, இடைவெளியில்லாமல் பொருத்திய பின்பே அவர் ராடைத் தொட்டிருந்தார். அறுத்த இடத்தில் எது பைப், எது பற்று என்று பிரித்தறிய இயலவில்லை.

அவரிடம் பேசியபோது இன்னும் சில விளங்கின. 2 மில்லிமீட்டர் பைப்புக்கு 2.5 மில்லிமீட்டர் ராடே போதும் என்றும், 80 ஆம்பியருக்குச் சற்று முன்பின் வைத்தால் சரியாக வரும் என்றும், தடித்த ராடை எடுத்தால் பைப் ஓட்டையாகும் என்றும் கூறினார். நனைந்த ராடை வெயிலில் போட்டு ஒப்பேற்றக்கூடாதாம். எல்லா மூட்டையும் முதலில் புள்ளி புள்ளியாகப் பிடித்து, மூலைக்கு மூலை அளந்து பார்த்த பிறகே முழுப் பற்று. அதுவும் ஒரு பக்கமே ஓடாமல் எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி. இல்லையேல் சூட்டில் சட்டம் கோணிவிடும். நாங்கள் மலிவாகக் கிடைத்ததென்று வைத்திருந்த ஜி.ஐ. பைப்பைத் தொட மறுத்துவிட்டார். துத்தநாகப் பூச்சு எரியும் புகை காய்ச்சலைத் தரும், பற்றும் கெடும். கறுப்புப் பைப் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் படித்த வெப்ப விரிவாக்கம் அவர் கையில் வேறு பெயரில் இருந்தது.

இத்தகைய கைகளைக் கல்விக்கூடம் மதிக்க வேண்டும் என்பதே நாயுடு அவர்களின் வழக்காக இருந்தது. 1945இல் அவருடைய கொடையாலும் முயற்சியாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அக்கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. கோவையில் ஹோப் காலேஜ் என்று இன்றும் பேருந்து நிறுத்தம் ஒன்று இருப்பது அந்த நினைவே. நான்காண்டுப் படிப்பு நீளம். பட்டறையில் வேலை செய்தபடி கற்றால் இரண்டாண்டே போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதற்கு இசையவில்லை; அவர் விலகினார். குறுகிய காலப் பயிற்சிகளைத் தாமே நடத்தினார். இயற்பியல் மாணவனாக அவர் கருத்தை நான் முழுவதும் ஏற்க மாட்டேன். உருகிய இரும்பு ஏன் சுருங்குகிறது என்று அறியாமல் சட்டத்தைத் திட்டமிட முடியாது. ஆனால் மூன்றாண்டு படித்த எங்களுக்கு ஒரு பற்றைச் சோதிக்கும் வழி தெரிந்திருக்கவில்லை என்பதும் நடந்த செய்தி.

1952ஆம் ஆண்டில் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து, 2,000 ரூபாய்க்கு விற்கலாம் என்றார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை. கார் உற்பத்திக்கு வரவில்லை. வரிச்சுமையைக் கண்டித்துத் தாம் செய்த கருவிகளைத் தாமே பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துக் காட்டினார். அந்தச் செயலை வீரம் என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அது துயரமாகவே படுகிறது. உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க உடைப்பது வேறு. எவரும் வாங்கமாட்டார்கள் என்று உடைப்பது வேறு.

உரிமத்தின் கதை எங்களையும் தொடுகிறது. வண்டி செய்வோர் முன்மாதிரியைச் சோதனை நிலையத்தில் தேறச் செய்து சான்று பெற்றால்தான் பதிவு என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. மூன்று மாணவர்களால் அது ஆகாது. விதி தவறென்றும் நான் சொல்லமாட்டேன். பிளந்த தகட்டைக் கையில் வைத்துப் பார்த்தவனுக்கு அந்த விதியின் காரணம் புரியும். ஆகவே எங்கள் வண்டி தார்ச்சாலையில் ஏறாது. தோட்டத்திலிருந்து எங்கள் சொந்த நிலத்தின் எல்லை வரை பூக்கூடையைக் கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து மார்க்கெட்டுக்கு வழக்கமான மினி லாரி.

நாயுடு அவர்கள் 1974 ஜனவரி 4ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் அமைத்த தொழிற் கண்காட்சி கோவையில் அவிநாசி சாலையில் இருக்கிறது. அதே சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு 2025இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

அண்ணாச்சி கேட்ட கூலி முதற்கடையைவிட 1,500 ரூபாய் அதிகம். ஜி.ஐ. பைப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் கறுப்புப் பைப் வாங்கியதில் இன்னும் கொஞ்சம் போயிற்று. சட்டம் இப்போது புள்ளிப்பற்றில் நிற்கிறது. மூலைக்கு மூலை அளந்ததில் பின்பக்கம் 4 மில்லிமீட்டர் வித்தியாசம். அதைச் சரிசெய்த பின்புதான் முழுப் பற்று வைப்பேன் என்று சொல்லிவிட்டார். தம்பி நாள்தோறும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.