ஓஸ் நாட்டிற்குத் திரும்பியவர்

1910ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு சிறுவர் நூலின் இறுதியில் ஒரு நாடே கண்ணுக்குப் புலனாகாமல் மறைந்துபோகிறது. பகைவர் எவரும் இனி உள்ளே நுழையலாகாது என்பதற்காக, கிளிண்டா என்னும் மாயக்கலை வல்லாள் அந்நாட்டை வெளியுலகின் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறாள். இனி இங்கிருந்து செய்தி எதுவும் வாராது என்று டோரதி என்னும் சிறுமி ஒரு சிறிய மடல் எழுதி அனுப்புகிறாள். அந்நூலின் பெயர் 'ஓஸ் நாட்டின் மரகத நகரம்'. அதனை எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் லைமன் பிராங்க் பாம். பத்து ஆண்டுகளில் ஆறு நூல்களாக வளர்ந்திருந்த கதைத்தொடரை அந்த மடலோடு முடித்துக்கொள்வதே அவர் எண்ணம். ஆயினும் மூன்றே ஆண்டுகளில் தாம் அடைத்த வாயிலைத் தாமே திறக்கவேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது.

தொழில் பல கண்டவர்

பாம் 1856ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் சிட்டனாங்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாம், மரப்பீப்பாய் செய்யும் தொழிலில் தொடங்கி, பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளால் செல்வரானவர். சிறுவன் பிராங்கிற்கு இதயம் வலுவற்றிருந்தது. பன்னிரண்டாம் வயதில் அவரைப் படைப்பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்த்தனர். அங்கிருந்த கடுமையை அவர் உடலும் உள்ளமும் தாங்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் வீடு திரும்பினார். பின்னர்த் தந்தை வாங்கித் தந்த ஒரு சிறு அச்சுப்பொறியில் தம்பி ஹாரியுடன் சேர்ந்து வீட்டு இதழ் ஒன்றை அச்சிட்டார். எழுத்தின்மேல் கொண்ட பற்று அங்கே தொடங்கியது.

எழுத்து அவருக்குச் சோறு போடத் தொடங்கியதோ நாற்பது வயதுக்குப் பிறகுதான். அதற்கு முன் அவர் செய்யாத தொழில் குறைவு. உயர்வகைக் கோழிகளை வளர்த்தார். 1886இல் வெளிவந்த அவரது முதல் நூலே ஹாம்பர்க் இனக் கோழிகளைப் பற்றியது. நாடகம் எழுதி, இசையமைத்து, தாமே நடித்து ஊர் ஊராகச் சென்றார். வண்டி அச்சுகளுக்குப் பூசும் எண்ணெயை விற்றார். 1882இல் அவர் மணந்த மோட் கேஜ், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய மாட்டில்டா ஜாஸ்லின் கேஜின் மகள். உறுதியான உள்ளம் படைத்த மோட், பிற்காலத்தில் குடும்பத்தின் வரவு செலவைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். கணவரின் கையில் பணம் தங்காது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1888இல் குடும்பம் டகோட்டாப் பகுதியின் ஆபர்டீன் நகருக்குக் குடிபெயர்ந்தது. பாம் அங்கே பலபொருள் அங்காடி ஒன்றைத் திறந்தார். மழை பொய்த்தது, உழவர்கள் கடனுக்குப் பொருள் வாங்கினர், பாம் மறுக்காமல் கொடுத்தார். 1890ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கடை மூடப்பட்டது. அடுத்து வார இதழ் ஒன்றை ஏற்று நடத்தினார். அவரது வாழ்வில் மறைக்கக்கூடாத ஒரு கறையும் அந்நாளைச் சேர்ந்ததே. 1890 டிசம்பரிலும் 1891 சனவரியிலும் எழுதிய தலையங்கங்களில், அம்மண்ணின் தொல்குடியினரான சூ மக்களை அடியோடு அழிக்கவேண்டும் என்று அவர் எழுதினார். இரக்கமே உயிரான கதைகளைப் பின்னாளில் படைத்தவரின் கையிலிருந்தே இச்சொற்களும் வந்தன. 2006இல் அவருடைய வழித்தோன்றல்கள் இதற்காக அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டனர்.

ஓஸ் பிறந்தது

இதழும் நொடித்துப் போகவே, 1891இல் குடும்பம் சிகாகோவை அடைந்தது. பீங்கான், கண்ணாடிப் பொருள்களின் மாதிரிகளைப் பெட்டிகளில் சுமந்துகொண்டு பாம் ஊர் ஊராகச் சென்று விற்றார். வீட்டில் இருக்கும் மாலைகளில் தம் நான்கு மகன்களுக்கும் அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்கும் கதை சொல்வார். அக்கதைகளைக் கேட்ட மாமியார் மாட்டில்டா, அவற்றை எழுதி அச்சேற்றும்படி வற்புறுத்தினார். 1897இல் முதல் கதைநூல் வெளிவந்தது. 1899இல் ஓவியர் டென்ஸ்லோவுடன் இணைந்து வெளியிட்ட வேடிக்கைப் பாடல் நூல் பெரும் விற்பனை கண்டது. மறு ஆண்டில், 1900இல், 'ஓஸின் வியத்தகு மந்திரவாதி' வெளிவந்தது.

அச்சமும் துன்பமும் நிறைந்த பழைய ஐரோப்பியத் தேவதைக் கதைகளுக்கு மாறாக, மகிழ்ச்சிக்காகவே ஒரு புதிய கதை செய்யவேண்டும் என்பது அவர் நோக்கம். கான்சஸ் மாநிலத்துச் சிறுமி டோரதி சூறாவளியில் சிக்கி ஓஸ் நாட்டில் விழுகிறாள். மூளை வேண்டும் சோளக்கொல்லைப் பொம்மையும், இதயம் வேண்டும் தகர மரவெட்டியும், துணிவு வேண்டும் சிங்கமும் வழித்துணை ஆகின்றனர். அரண்மனைக்கும் இளவரசருக்கும் பழகிப்போன கதையுலகில், கொல்லைப் பொம்மையும் எண்ணெய்க் குப்பியும் இடம்பெற்றது புதுமை. அச்செண்ணெய் விற்றவரும் வறண்ட நிலத்தில் கடை வைத்தவரும் ஒருவரே என்பதை அறிந்தவர்க்கு அப்புதுமை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். 1902இல் இக்கதை இசைநாடகமாகவும் மேடையேறி வெற்றி பெற்றது.

தொடர்கதை எழுதும் எண்ணம் பாமுக்குத் தொடக்கத்தில் இல்லை. சிறுவர்களின் கடிதங்களே அவரை இழுத்தன. 1904இல் இரண்டாம் நூலும், 1907 முதல் ஆண்டுக்கு ஒன்றாக மேலும் நான்கும் வெளிவந்தன. இடையிடையே அவர் வேறு கற்பனை நாடுகளைப் படைத்துப் பார்த்தார். வந்த கடிதங்களோ டோரதி எப்படி இருக்கிறாள் என்றே கேட்டன. ஒரு படைப்பாளிக்குப் புகழ் தரும் படைப்பே அவரைக் கட்டிப்போடும் கயிறாகவும் ஆகிவிடுவதுண்டு. பாமுக்கு அது நேர்ந்தது.

அடைத்த வாயில்

1908இல் பாம் ஒரு துணிகர முயற்சியில் இறங்கினார். வண்ணம் தீட்டிய திரைப்படச் சுருள்கள், ஒளிப்படத் தகடுகள், இசைக்குழு, நடிகர்கள் ஆகிய யாவற்றையும் ஒன்றுசேர்த்து, தாமே வெண்ணிற உடையில் மேடையில் நின்று ஓஸ் கதையைச் சொன்னார். பேசும்படம் தோன்றாத காலத்தில் அது காண்போரைக் கவர்ந்தது. ஆனால் அரங்கு நிறைந்தாலும் செலவுக்கு ஈடாகவில்லை. சில திங்களிலேயே காட்சிகள் நின்றன. கடன் மட்டும் எஞ்சியது.

இந்தக் கடன்சுமையின் நடுவில்தான் 'மரகத நகரம்' எழுதப்பட்டது. அதில் டோரதியின் மாமா ஹென்றி, அடமானக் கடனைத் தீர்க்க இயலாமல் பண்ணையை இழக்கும் நிலையில் இருக்கிறார். டோரதி அவரையும் அத்தை எம்மையும் பணமே வழங்காத ஓஸ் நாட்டிற்கு அழைத்துச் சென்றுவிடுகிறாள். நூலாசிரியருக்கு அவ்வாறு செல்ல ஒரு நாடு இல்லை. 1910இல் அவர் குடும்பத்தோடு கலிபோர்னியாவின் ஹாலிவுட்டுக்குச் சென்றார். அந்நாளில் அது தோட்டங்கள் சூழ்ந்த அமைதியான ஊர். 'ஓஸ்காட்' என்று பெயரிட்ட வீட்டில் செவ்வந்தியும் டாலியாவும் வளர்த்து, மலர்க் கண்காட்சிகளில் பரிசும் பெற்றார். எனினும் 1911இல், கடனிறுக்க இயலாதவர் என நீதிமன்றத்தில் அறிவித்துக்கொள்ள நேர்ந்தது. முதல் ஓஸ் நூலின் வருவாய்கூட அவர் கைக்கு வராமல் கடன் கொடுத்தவர்களுக்குச் சென்றது.

ஓஸ் இல்லாமலே வாழ்ந்துகாட்ட அவர் முயலாமல் இல்லை. 1911இல் கடலடித் தேவதைகளைப் பற்றியும், 1912இல் வானத்தில் மிதக்கும் தீவைப் பற்றியும் இரண்டு நூல்கள் எழுதினார். டிராட் என்னும் சிறுமியும் மரக்கால் மாலுமி பில்லும் அவற்றின் நாயகர்கள். இரண்டும் நல்ல நூல்களே. ஆயினும் விற்பனை ஓஸ் நூல்களுக்கு நெருங்கவில்லை. சிறுவர்களின் கடிதங்களும் நிற்கவில்லை.

மறைந்துபோன நாட்டின் செய்தி மீண்டும் எப்படி வரும்? அதற்கும் விடை ஒரு குழந்தையிடமிருந்தே வந்ததாகப் பாம் குறிப்பிடுகிறார். கம்பியில்லாத் தந்தி புதிதாகப் பரவிய காலம் அது. அதன்வழி ஓஸ் நாட்டோடு தொடர்புகொள்ளலாமே என்று குழந்தை கேட்டது. பாம் அதனையே கதையின் முன்னுரையாக்கினார். வீட்டின் பின்புறம் உயர்ந்த கோபுரம் ஒன்றை நாட்டி, செய்தி கேட்டு எழுதியதாகக் கூறி, 1913இல் 'ஓஸின் ஒட்டுத்துணிப் பெண்' என்னும் ஏழாம் நூலை வெளியிட்டார்.

ஐந்து பொருள்களைத் தேடி

கடனுக்காகத் திரும்பி வந்தவர் பழைய கதையையே புதுச் சட்டை போட்டுத் தந்திருந்தாலும் குழந்தைகள் ஏற்றிருப்பர். பாம் அவ்வாறு செய்யவில்லை. ஓஸ் நாட்டிலேயே பிறந்த, தன்னை நற்பேறு அற்றவன் என்று நம்பும் ஓஜோ என்ற ஏழைச் சிறுவனை நாயகனாக்கினார். வீட்டில் உணவு தீர்ந்துபோகவே, ஓஜோவும் அவனுடைய முதிய மாமாவும் காட்டை விட்டுப் புறப்பட்டு ஒரு மாயவித்தைக்காரனின் வீட்டை அடைகின்றனர். அவன் ஆறு ஆண்டுகள் கிளறிக் காய்ச்சிய உயிர்ப்பொடியால், ஒட்டுத்துணிப் போர்வையில் தைத்த பொம்மை ஒன்று உயிர் பெறுகிறது. வீட்டு வேலைக்கென்று செய்யப்பட்ட பொம்மை அது. ஆதலால் அறிவைச் சிறிதளவே வைத்திருந்தனர். யாரும் பாராத நேரத்தில் ஓஜோ அதனுள் அறிவையும் பிற குணங்களையும் அள்ளிப் போட்டுவிடுகிறான். துள்ளி எழுந்த பொம்மையின் கைவீச்சால் விளைந்த குழப்பத்தில் வேறொரு குப்பி கவிழ, மாமாவும் வித்தைக்காரனின் மனைவியும் பளிங்குச் சிலையாகின்றனர்.

அவர்களை மீட்க ஐந்து பொருள்கள் வேண்டும்: ஆறு இலைகள் கொண்ட குளோவர் செடி, வூசி என்னும் விலங்கின் வால்நுனி மயிர் மூன்று, ஒளி புகாத கிணற்று நீர், உயிருள்ள மனிதனின் உடலிலிருந்து ஒரு துளி எண்ணெய், மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் இடச்சிறகு. வூசியின் மயிரோ பிடுங்க வரவில்லை. ஆதலால் வூசியையே உடன் அழைத்துச் செல்கின்றனர். குளோவரைப் பறிப்பது நாட்டின் சட்டப்படி குற்றம். மாமாவைக் காக்கவேண்டி ஓஜோ அதனைப் பறித்துச் சிறைப்படுகிறான். அச்சிறையோ அழகிய வீடு. காவலாளியோ அன்பான பெண்மணி. தவறு செய்தவன் நலிவுற்றவன் போன்றவன், அவனுக்குப் பரிவே தேவை என்பது அந்நாட்டார் கொள்கை. ஆட்சியாளரான ஓஸ்மா அவனை மன்னிக்கிறாள்.

நான்கு பொருள்களும் கிட்டிய பின், பயணம் தகர மரவெட்டியின் நாட்டில் முட்டி நிற்கிறது. அவனுடைய முழங்கால் மூட்டில் எண்ணெய்த் துளி கிடைக்கிறது. ஆனால் சிறகு கேட்டபோது அவன் மறுத்துவிடுகிறான். ஒரு பூச்சியை வதைத்து இரு மனிதரைக் காப்பதற்கு அவன் இசையவில்லை. ஓஜோ அழுகிறான், வாசிக்கும் குழந்தைக்கும் எவர் பக்கம் நிற்பது என்று தெரியாது. இறுதியில் கிளிண்டா கற்பித்த மாயத்தால் மந்திரவாதியே சிலைகளுக்கு உயிரளிக்கிறார். இத்தனை தேடியும் தேடல் பயன்படாமல் போனதே என்று குறை கூறலாம். கதைக்கட்டு அங்கே சற்றுத் தளர்வதும் உண்மையே. ஆனால் இரு இரக்கங்கள் எதிரெதிரே நிற்கும் அந்த இடத்திற்கு இணையானது முந்தைய ஆறு நூல்களிலும் இல்லை.

இந்நூலின் ஒரு முழு இயலைப் பதிப்பகத்தார் சிறுவர்க்கு ஏற்றதன்று எனக் கருதினர். பாமும் அதனை நீக்கிவிட்டார். எழுத்து மறைந்துபோயிற்று, அதற்காக ஓவியர் ஜான் நீல் வரைந்த சில படங்களே எஞ்சியுள்ளன.

இறுதி ஆண்டுகள்

திரும்பி வந்த பாம் மீண்டும் வெளியேற முயலவில்லை. வறட்சியில் தொடங்கிய அங்காடிபோலவே, 1914இல் தொடங்கிய திரைப்பட நிறுவனமும் விரைவில் மூடப்பட்டது. ஒட்டுத்துணிப் பெண்ணின் கதையே அதன் முதல் படம். நூல்கள் மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் வந்தன. 1915இல், விற்பனையில் தோற்ற தம் டிராட்டையும் மாலுமி பில்லையும் அவர் ஓஸ் நாட்டிற்கே அழைத்து வந்து குடியேற்றினார். 1917இன் நூல், ஓஸ்மாவே தொலைந்துபோனால் என்ன ஆகும் என ஒரு சிறுமி கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது.

இதயநோயும் முகநரம்பு வலியும் அவரை வாட்டின. 1918இல் பித்தப்பையில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. அதன்பின் படுக்கையை விட்டு எழுவது அரிதாயிற்று. கடிதங்களுக்கு மறுமொழி எழுதுவதும் கதை எழுதுவதும் படுக்கையிலேயே நடந்தன. தாம் இல்லாத ஆண்டுகளிலும் நூல் தடைப்படக்கூடாது என்று இரண்டு கையெழுத்துப் படிகளை முன்னரே ஆயத்தமாக்கி வைத்தார். 1919ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், அறுபத்து மூன்று வயது நிறைவதற்குச் சில நாள்களே இருக்க, ஹாலிவுட் இல்லத்தில் அவர் உயிர் பிரிந்தது. சில வாரங்களில் பதின்மூன்றாம் நூல் கடைகளுக்கு வந்தது. பதினான்காம் நூலான 'ஓஸின் கிளிண்டா' 1920இல் வெளிவந்தது. போருக்கு நிற்கும் இரண்டு சிறு மக்கள்கூட்டங்களைத் தடுக்க ஓஸ்மாவும் டோரதியும் செல்வதும், ஏரிக்குள் மூழ்கிய தீவில் அகப்படுவதும் அதன் கதை.

மரகத நகரத்தின் கதவை அடைக்கும் எண்ணம் பதிப்பகத்தார்க்கு இல்லை. மோடின் இசைவோடு ரூத் பிளம்லி தாம்சன் என்னும் இளம் எழுத்தாளர் தொடரை ஏற்றார். 1921இல் அவர் எழுதிய முதல் ஓஸ் நூல், பாமின் பெயரையே அட்டையில் தாங்கி வந்தது.