குடிக்கிறவர் பக்கத்துல போய் உட்கார்ந்த வக்கீல்

காரவள்ளி தெரியும்ல உங்களுக்கு? பைக்ல கொல்லிமலை போன யாருக்கும் அந்தப் பெயர் மறக்காது. நாமக்கல்ல இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி வந்தா, மலை கண்ணு முன்னாடி சுவர் மாதிரி நிக்கும். அடிவாரத்துல காரவள்ளி. அங்க ஒரு டீயைக் குடிச்சிட்டு, 70 கொண்டை ஊசி வளைவையும் ஒரே மூச்சுல ஏறிடலாம்னு எல்லாரும் வீராப்பு பேசுவோம்.

போன வருஷம் நாங்க அங்க போனது ஊர் சுத்த இல்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாம். காரவள்ளிப் பக்கத்துல ஒரு சின்ன ஊர். ஏழு நாள்ல ஒரு நாள், மது ஒழிப்புப் பேரணி. மண்டை ஓடு வரைஞ்ச அட்டைகள், குடிகாரங்களைக் கேலி பண்ற கோஷங்கள். சத்தம் நல்லாத்தான் வந்தது. ஆனா ஊர்ல யாரும் கிட்ட வரலை. வாசல்ல நின்னு பார்த்துட்டு உள்ளே போயிட்டாங்க. எங்க கூட்டத்துலயே ஒருத்தன் மட்டும் கோஷம் போடலை. கையில இருந்த அட்டையைத் திருப்பிப் பிடிச்சிருந்தான். ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னான், அவன் அப்பா பத்து வருஷமா குடியில இருக்கார்னு. நாங்க கத்தினது எல்லாம் அவன் வீட்டைப் பத்தினதா அவனுக்குக் கேட்டிருக்கு.

குடியைப் பத்தி ஒரு ஊர்கிட்ட எப்படித்தான் பேசுறது? இந்தக் கேள்வியோட, நம்ம நாமக்கல் மாவட்டத்துலயே ஒருத்தர் ஏறக்குறைய பத்து வருஷம் குடிசையில வாழ்ந்திருக்கார். அவரை உங்களுக்கு வேற விஷயங்களுக்காகத் தெரியும். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல், 1938 இந்தித் திணிப்பு, 1953 குலக்கல்வித் திட்டம். ஆமாங்க, ராஜாஜிதான். அந்த ரெண்டு திட்டத்தையும் தமிழ்நாடு எதிர்த்தது நியாயம்தான்னு நினைக்கிறவன் நான். ஆனாலும் குடி விஷயத்துல அவர் செஞ்சதை நீங்க தெரிஞ்சுக்கணும்.

கோட்டைக் கழற்றிய வக்கீல்

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10 அன்று ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தார். சட்டம் படித்துவிட்டு 1900-இல் சேலத்தில் தொழில் தொடங்கினார். பெரிய வருமானம், பெரிய பெயர். 1917-இல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். கொஞ்ச வருஷத்தில் காந்தியைச் சந்தித்தார். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் வக்கீல் தொழிலையே விட்டார். 1921 டிசம்பரில் முதல் முறையாகச் சிறைக்குப் போனார்.

அந்த 1921-ஐக் கொஞ்சம் கவனிங்க. தமிழ்நாடு முழுக்க கள்ளுக்கடை மறியல் நடந்த வருஷம் அது. ஈரோட்டில் பெரியாரும், அவர் மனைவி நாகம்மையும், தங்கை கண்ணம்மாவும் மறியலில் முன்னால் நின்றார்கள். பெரியார் தன் சொந்தத் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். ராஜாஜியும் அவரும் அப்போது நெருங்கிய நண்பர்கள். மறியலால் கடைகளின் ஏல வருமானம் அடி வாங்கியது. ஆனால் இயக்கம் ஓய்ந்ததும் கடைகள் திரும்ப நிரம்பின. கடைக்கு முன்னால் நின்று தடுத்தால் அன்றைக்கு மட்டும்தான் தடுக்க முடியும். குடிக்கிறவர் வீட்டுக்குள் என்ன நடக்குதுன்னு தெரியாமல் ஒன்றும் மாறாது.

புதுப்பாளையத்துக் குடிசை

1925 பிப்ரவரி 6. திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையம். ஊர் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர் தந்த நிலத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியது. ராஜாஜிக்கு அப்போது 46 வயது. மனைவி இறந்து ஏறக்குறைய பத்து வருஷம் ஆகியிருந்தது. சேலத்து வீட்டை விட்டுப் பிள்ளைகளோடு குடிசைக்கு வந்தார்.

அந்தக் காலத்து வறண்ட கொங்குக் கிராமத்தை மனசுல கொண்டு வாங்க. மழை இல்லாத வருஷத்தில் கூலி கிடையாது. கூலி கிடைத்த நாளில் அது வீடு வந்து சேராது, வழியில் கள்ளுக்கடை இருக்கும். கடையை அரசாங்கமே ஏலம் விட்டுக் காசு பார்த்தது. இந்த ஊர்களுக்கு ராஜாஜி முதலில் கொண்டு போனது பிரசங்கம் இல்லை. ராட்டை கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டிலேயே நூல் நூற்றுக் கொடுத்தால் கைக்குக் காசு வரும். ஆசிரமத்தில் மருந்தகம் வைத்தார்கள். எல்லாச் சாதியினரும் ஒன்றாக இருந்தார்கள். அதுவே அன்றைக்குப் பலருக்கும் பிடிக்காத விஷயம். இப்படிப் பழகின பிறகுதான் குடியைப் பற்றிய பேச்சு வந்தது. சேரிகளுக்கு நடந்து போய், உட்கார்ந்து பேசி, குடிப்பதில்லை என்று ஊரார் சேர்ந்து உறுதி எடுக்க வைத்தார்கள்.

வரிசையைப் பாருங்க: முதல்ல பழக்கம், அப்புறம் உதவி, கடைசியாத்தான் உபதேசம். நாங்க காரவள்ளியில கடைசியை மட்டும் செஞ்சோம், அதையும் மைக் வச்சு.

விமோசனம்

1929-இல் அவர் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் விமோசனம். முழுக்க முழுக்க மதுவிலக்குக்காகவே ஒரு தமிழ் மாத இதழ். உதவிக்கு ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர் ஓர் இளைஞர், ரா. கிருஷ்ணமூர்த்தி. பின்னாளில் பொன்னியின் செல்வன் எழுதப்போகும் கல்கியேதான்! கதை, பாட்டு, படம் என்று எல்லா வழியிலும் அந்த இதழ் பேசியது. படிக்கத் தெரியாதவருக்கு யாராவது வாசித்துக் காட்டலாம். படத்தைப் பார்த்தும் புரிந்துகொள்ளலாம்.

ராஜாஜி கதை எழுதும் விதத்தையும் சொல்லணும். திக்கற்ற பார்வதி என்ற அவருடைய கதையைப் படமாகவே எடுத்தார்கள், 1974-இல் வந்தது. கடனும் குடியும் ஓர் ஏழைத் தம்பதியை எப்படிப் பிரித்துப் போடுகிறது என்பதுதான் கதை. அதில் குடிக்கும் கணவன் அரக்கன் இல்லை, நல்லா வாழ நினைத்து வழுக்கி விழுந்த ஒருத்தன். அந்தப் பார்வைதான் எங்க அட்டைகள்ல இல்லாமப் போச்சு.

1930-இல் உப்புச் சத்தியாகிரகம் வந்தது. திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து போய் ராஜாஜி சிறைக்குப் போனார். இதழ் ஏறக்குறைய பத்து மாத ஆயுளோடு நின்றது.

சட்டமும் அதற்குப் பின்னாலும்

1937 ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். அன்றைக்கு மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு சாராயத்திலிருந்தும் கள்ளிலிருந்தும்தான் வந்தது. அப்படியிருந்தும் அக்டோபர் 1-ஆம் தேதி முதல் ஒரு மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. எந்த மாவட்டம்? சேலம். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடங்கிய பழைய சேலம். அவர் பிறந்த மண், வக்கீலாக இருந்த ஊர், குடிசை போட்ட ஊர் எல்லாமே அதற்குள் இருந்தன.

பொறியியல் படிக்கிற நமக்கு இது நல்லாப் புரியும். முதலில் ஒரு மாவட்டத்தில் செய்து பார்த்தார். பிறகு 1938-இல் சித்தூரும் கடப்பையும், 1939-இல் வட ஆற்காடு. நஷ்டத்தை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டு வந்தார். இந்தியாவிலேயே அதுதான் முதல் பொது விற்பனை வரி. இன்னைக்கு ஹோட்டல் பில்லுல ஜிஎஸ்டியைப் பார்த்து நாம புலம்புறோமே, அந்த வம்சத்துக்கு இதுதான் தாத்தா.

கடை மூடின சாயங்காலங்களில் ஆட்கள் என்ன செய்வார்கள்? இதையும் யோசித்தார்கள். டீ, மோர், பஜனை, நாடகம், விளையாட்டு என்று ஊர்களில் ஏற்பாடுகள் நடந்தன. மரம் ஏறுகிறவர்களுக்குப் பதநீர், வெல்லத் தொழிலைக் காட்டினார்கள். எல்லாருக்கும் அது பிழைப்பைத் தந்துவிடவில்லை என்பதும் உண்மை. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை சேலத்துக்கு வந்து, மதுவிலக்கால் குடும்பச் செலவு எப்படி மாறியது என்று ஆய்வே நடத்தியது.

ஆனா சட்டத்துக்கு ஆயுசு குறைவு. 1939 அக்டோபரில் அமைச்சரவை ராஜினாமா செய்தது. போர்க்காலத்தில் கவர்னர் ஆட்சி கடைகளைத் திறந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948-இல் மாகாணம் முழுக்க மூடினார்கள். கள்ளச்சாராயம் காடு மேடெல்லாம் புகுந்தது. பிடிபட்டது பெரும்பாலும் ஏழைகள்தான்.

1971-இல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தது. ராஜாஜிக்கு அப்போது 92 வயது. சில மாதங்களுக்கு முன்னால் நடந்த தேர்தலில் அவர் தி.மு.க.வுக்கு எதிர் அணியில் நின்று தோற்றிருந்தார். ஆனாலும் முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கொட்டும் மழையில் போனார்னு இன்னைக்கும் பெரியவங்க சொல்லுவாங்க. பலன் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் விலக்கு போனது. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி இறந்தார். 1974-இல் அதே அரசு மதுவிலக்கைத் திரும்பக் கொண்டு வந்தது. அப்புறமும் திறந்து மூடி, மூடித் திறந்து, 2003 முதல் டாஸ்மாக்கே சில்லறைக் கடையும் நடத்துது. அந்தக் கதை உங்களுக்கே தெரியும்.

ஆக்ரனில் ரெண்டு பேர்

ராஜாஜி விட்ட இடம் ஒன்று உண்டு. குடிக்கிறவரோடு பேச அவர் போனார். அவர் குடித்தவர் இல்லை. குடித்து மீண்டவரே போய்ப் பேசினால்?

சேலத்தில் சட்டம் வருவதற்கு ரெண்டு வருஷம் முன்னால், 1935-இல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் அதுதான் நடந்தது. அங்கே நாடு தழுவிய மதுவிலக்கு தோற்று 1933-இல்தான் கைவிடப்பட்டிருந்தது. பில் வில்சன் என்ற பங்குத் தரகர் குடியை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்து, பேசுவதற்கு இன்னொரு குடி நோயாளியைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவைசிகிச்சை டாக்டர். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1957 முதல் இந்தியாவிலும் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது.

ஊரோடு அவர்கள் உறவு வைக்கும் முறை விசித்திரமானது. பத்திரிகையில் உறுப்பினர் முகமோ முழுப் பெயரோ வராது. ஆள் பிடிக்க விளம்பரம் செய்ய மாட்டார்கள். அரசியல் பேச மாட்டார்கள், மதுவிலக்கு வேணுமா வேண்டாமா என்பதில்கூடப் பக்கம் சாய மாட்டார்கள். டாக்டர், போலீஸ், ஆசிரியர் என்று குடி நோயாளியைத் தினம் பார்க்கிறவர்களிடம் போய், நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று மட்டும் சொல்லி வைப்பார்கள். குடும்பத்தாருக்குத் தனியாக அல்-அனான் என்ற அமைப்பு உண்டு.

குடிக்கு அடிமையாவது ஒரு நோய்னு இன்னைக்கு மருத்துவம் சொல்லுது. பல வருஷம் நிறையக் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம்கூட வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால வீட்டுல பூட்டி வைக்காதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணம் இல்லை.

இந்த வருஷ முகாம்

இந்த வருஷமும் அதே ஊருக்குப் போறோம். அட்டை இல்லை, மைக் இல்லை. முதல் ரெண்டு நாள் மருத்துவ முகாம். வீட்டுல ஒருத்தர் குடியில இருந்தா எங்க போகணும்னு ஒரு தாள், அதுல கூட்டம் நடக்குற நேரமும் இடமும். மூணாவது நாள் சாயங்காலம், குடியை விட்டுப் பல வருஷம் ஆன ஒருத்தர் வந்து பேசுறார். பெயரும் ஊரும் சொல்ல மாட்டார். போட்டோ எடுக்காதீங்க. நீங்களும் வர்றதா இருந்தா, முதல்ல கேளுங்க, அப்புறம் பேசுங்க.

அட்டையைத் திருப்பிப் பிடிச்ச நண்பனும் வர்றான். அவன் அப்பா இன்னும் குடிக்கிறார். அம்மா மட்டும் மூணு மாசமா அல்-அனான் கூட்டத்துக்குப் போயிட்டிருக்காங்க. வீட்டுல முன்ன மாதிரி தினம் சண்டை இல்லையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைச்சா புதுப்பாளையமும் போயிட்டு வாங்க. காந்தி ஆசிரமம் இன்னும் அங்கதான் இருக்கு.