சக்கர நாற்காலியில் அமர்ந்து கை கொடுத்தவர் – டாக்டர் மேரி வர்கீஸ்

டிசம்பர் இதழுக்குக் கிறிஸ்துமஸை ஒட்டி யாராவது ஒரு பெரியவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டார். நான் பி.காம். படித்துவிட்டு முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். மருத்துவமும் தெரியாது, வேத சாஸ்திரமும் தெரியாது. ஆனாலும் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக மனதில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ்தான் அவர்.

வேலூர்க்காரருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கதையின் ஒரு நுனி நம் செங்கல்பட்டில்தான் இருக்கிறது.

திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் இருப்பது பலருக்கும் தெரியும். 1955-இல் அரசு எடுத்துக்கொள்வதற்கு முன்பு அது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. மிஷனைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே பொறுப்பில் இருந்தார். 1947-இல் வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற இளம் சர்ஜன் அவரைப் பார்க்க வந்தார். வளாகத்தைச் சுற்றி வரும்போது எங்கு பார்த்தாலும் விரல் மடங்கிப்போன கைகள். அதுவரை அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்ய எந்த எலும்பு மருத்துவரும் முன்வரவில்லை. பிராண்ட் ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையை வைத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி வலிக்கும் அளவுக்கு இறுகியது.

அதாவது, எல்லாத் தசையும் செத்துவிடவில்லை. நோய் சில நரம்புகளைத் தாக்குகிறது. அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்குகின்றன. முன்கையின் பெரிய தசைகளில் பல நன்றாகவே இருக்கின்றன. அப்படியானால் நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து வேறு வழியாகத் திருப்பிக் கட்டினால் விரல் விரியும் அல்லவா? அந்த யோசனையிலிருந்துதான் வேலூரில் தொழுநோயாளிகளுக்கான கை அறுவை சிகிச்சை பிறந்தது. பெரிய விஷயம், நம் ஊரில் ஒரு கைகுலுக்கலில் ஆரம்பித்திருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது என் குறை.

இப்போது மேரிக்கு வருகிறேன். 1925-இல் கொச்சிக்கு அருகே செராயில், வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரிப் படிப்பு, பிறகு 1946-இல் வேலூரில் மருத்துவம். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது ஆசை.

1954-இல் இளம் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வேனில் வெளியே கிளம்பினார்கள். ஓட்டியவரின் கட்டுப்பாட்டை இழந்து வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகம் கிழிந்தது. அதைவிட மோசம், தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனது. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, மறுபக்கம் ஈ.சி.ஆர். என்று இருக்கும் நமக்கு ஆம்புலன்ஸ் சத்தம் பழகிவிட்டது. அந்த வண்டிக்குள் படுத்திருப்பவர் உயிர் பிழைத்துவிட்டார் என்று கேட்டதும் அப்பாடா என்று வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பிழைத்த பிறகு என்ன என்பதுதான் மேரியின் கதை.

முப்பது வயது ஆகவில்லை. அந்தக் காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர் படுக்கைப்புண்ணாலோ சிறுநீர்த் தொற்றாலோ இறந்துபோவது சாதாரணம். டாக்டரான அவருக்கு இது தெரியாமல் இருக்குமா? முதலில் எழுந்து நடந்துவிடலாம் என்று நம்பினார், ஜெபித்தார். நடக்கவில்லை. கலங்கினார், அழுதார். கடவுள் தன்னை ஏன் இப்படி விட்டுவைத்தார் என்ற கேள்வி அவரை விடவில்லை. பக்தர் என்றால் அடிபட்ட மறுநாளே புன்னகைத்தார் என்று எழுதுவது நம் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேரிக்கும் மாதக்கணக்கில் ஆயிற்று. மெல்ல மெல்ல அவருடைய ஜெபம் மாறியது. கால்களைத் திருப்பிக் கேட்பதை விட்டுவிட்டு, மிச்சம் இருப்பதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கேட்கத் தொடங்கினார்.

மிச்சம் இருந்தவை இரண்டு கைகள். பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு அவரால் நிமிர்ந்து உட்கார முடிந்தது. அப்போது பால் பிராண்ட் ஒரு யோசனை சொன்னார். வயிற்றுக்கு அறுவை சிகிச்சை செய்ய டாக்டர் நிற்க வேண்டும். கைக்குச் செய்கிற சர்ஜன் எப்படியும் உட்கார்ந்துதானே செய்கிறார்? திருமணியில் தோன்றிய அந்த எண்ணம் இங்கே வந்து சேர்ந்தது. அது இல்லாவிட்டால் மேரி உட்காருவதற்கு அந்த மேஜையே இருந்திருக்காது.

சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்தினார். முகத்தில் தழும்போடு, தானே நடக்க முடியாத ஒரு டாக்டர் வார்டுக்குள் வரும்போது, ஊரும் உறவும் ஒதுக்கிவைத்த அந்த நோயாளிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதோடு நின்றிருந்தாலே போதும். ஆனால் தன்னைப்போல் அடிபட்டவர்களுக்கு இந்தியாவில் போக்கிடம் இல்லை என்பது அவரை உறுத்தியது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குச் சிகிச்சைக்குப் போனார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே உடுத்திக்கொள்வது என்று தன் வேலையைத் தானே செய்துகொள்ளப் பயிற்சி எடுத்தார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கின் மறுவாழ்வு நிலையத்தில் மேற்படிப்பு. சரிவுப்பாதையும் லிஃப்டும் இல்லாத நாட்டிலிருந்து, இடுப்புக்குக் கீழ் அசைவற்ற ஒரு பெண் கடல் கடந்து போய்ப் படித்தார் என்பதை நான் இன்னமும் ஆச்சரியத்தோடுதான் நினைக்கிறேன். நமக்குப் பென்ஷன் உயிர்ச்சான்று கொடுக்கக் கிளம்புவதே பெரிய பாடு.

1963-இல் சி.எம்.சி.யில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். உள்நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் அத்தகைய துறை இந்தியாவில் அதுவே முதல். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அடிபட்டவரும் அவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரும் சேர்ந்து பழகி, மறுபடி ஊருக்குப் போய் வாழக் கற்றுக்கொள்ளும் இடம். 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் காலமானார். விபத்துக்குப் பின் 32 வருடம்.

இத்தனையும் சொல்லிவிட்டு என் கணக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் வாசலில் மூன்று படி. லாரி விபத்தில் கால் போன வாடிக்கையாளர் ஒருவர் மாதாமாதம் ஆட்டோவில் வருவார். நான் வித்ட்ராயல் ஸ்லிப்பும் ஸ்டாம்ப் பேடுமாக வெளியே போய்க் கையெழுத்து வாங்கிப் பணம் கொடுப்பேன். நல்ல காரியம் செய்வதாக எனக்கு உள்ளூரப் பெருமை. ஒன்பது வருடம் கழித்து ஒருநாள், பேங்க் உள்ளே எப்படி இருக்கும் என்று ஒரு தரம் பார்க்கலாமா என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். சாய்தளம் கேட்டு மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுத எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு நான் மாற்றலாகிப் போய்விட்டேன்.

நம் சங்க ஹாலுக்கும் மூன்று படி. ஒன்றரை அடி உயரம். ஒரு அடி உயர்த்தப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. ஆக நமக்குப் பதினெட்டு அடி சாய்தளம் தேவை. டூவீலர் நிறுத்தும் இடம் கொஞ்சம் போகும், அதனால்தான் இரண்டு வருடமாக ஒத்திப்போடுகிறோம். போகிற இடத்தில் நிற்கும் வண்டிகளில் ஒன்று என் ஸ்கூட்டர். கொத்தனாரிடம் மதிப்பீடு வாங்கிப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஜனவரிப் பொதுக்குழுவில் ஏழாவது பொருளாக வருகிறது.