டீசல்... அது ஒரு மனிதரின் பெயர்!



ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க்கில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். லாரி வரும், பஸ் வரும், டிராக்டர் வரும். நடுவிலே பளபளன்னு ஒரு பெரிய எஸ்.யூ.வி. வந்து நிற்கும். ஜீப் மாதிரி உயரம், உள்ளே ஏ.சி., தோல் சீட்டு. அதன் விலையில் நம்ம மூணு வருஷ ஃபீஸை எத்தனை தடவை கட்டலாம் என்று மனசு கணக்குப் போடும்! அந்த வண்டியின் டேங்க் மூடியில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கும். டீசல்.

லாரி டிரைவரும் அந்த வார்த்தையைத்தான் சொல்கிறார். கார் முதலாளியும் அதையேதான் சொல்கிறார். நாமும் தெர்மல் பேப்பரில் டீசல் சைக்கிள் என்று பி.வி. படம் போட்டு மார்க் வாங்குகிறோம். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அவர் யார், எப்படி வாழ்ந்தார், எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று வைவாவில்கூட யாரும் கேட்பதில்லை.

அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். புதுசாக டீசல் கார் வாங்கப்போகிற ஒருவர் நம்மிடம் யோசனை கேட்டால் என்ன சொல்வது என்பதற்கும் இந்தக் கதையில் பதில் இருக்கிறது. அது கடைசியில்!

நம்மைப் போல ஒரு மாணவர்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர்கள். அப்பாவுக்குத் தோல் சாமான்கள் செய்கிற தொழில். பெரிய வசதி கிடையாது. 1870இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டிய நிலை. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கேயும் பிழைப்பு கஷ்டம்தான். 12 வயசுப் பையனை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்ற ஊரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்த உறவினர் ஒரு கணக்கு வாத்தியார். பையனுக்கு நல்ல இடம் கிடைத்தது!

14 வயசிலேயே, தான் இன்ஜினியர் ஆகப்போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டார் டீசல். பள்ளியில் முதல் மாணவர். 1875இல் மியூனிக் நகரின் பாலிடெக்னிக்கில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. ஆம் நண்பர்களே, பாலிடெக்னிக்! இன்றைய நம் டிப்ளமோ மாதிரி இல்லை, பிற்காலத்தில் பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனம் அது. படித்தது போதும், சம்பாதிக்கப் போ என்பதுதான் பெற்றோரின் எண்ணம். அவர் கேட்கவில்லை. நம்மில் சில பேருக்கு இது சொந்தக் கதை மாதிரியே இருக்கும்.

அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர் கார்ல் வான் லிண்டே. குளிர்சாதன இயந்திரத் துறையின் முன்னோடி. நீராவி என்ஜினில் நாம் எரிக்கிற நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட உருப்படியான வேலையாக மாறுவதில்லை என்று ஒருநாள் வகுப்பில் அவர் விளக்கினார். மற்ற மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். டீசலோ எழுதிக்கொண்டதோடு நிற்கவில்லை. போட்டதில் பத்தில் ஒன்பது பங்கு வீணா? இதைச் சரிசெய்ய முடியாதா? கார்னோ சொன்ன சைக்கிளுக்குப் பக்கத்தில் போகிற மாதிரி ஒரு என்ஜின் செய்ய முடியாதா? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

1879இல் இறுதித் தேர்வு நெருங்கும்போது டைபாய்டு வந்து படுத்துவிட்டார். பரீட்சை போச்சு! நம்ம பாஷையில் சொன்னால் அரியர். அழுது கொண்டிருக்கவில்லை. இடைப்பட்ட மாதங்களில் சுவிட்சர்லாந்தில் சுல்சர் தொழிற்சாலையில் ஒர்க்‌ஷாப் வேலை பழகினார். 1880 ஜனவரியில் தேர்வு எழுதி மிக உயர்ந்த தகுதியோடு வெளியே வந்தார்.

ஐஸ் வேலையிலிருந்து நெருப்பு வேலைக்கு

லிண்டே சாரே அவருக்கு பாரிஸில் தன் ஐஸ் தொழிற்சாலையில் வேலை போட்டுக் கொடுத்தார். பகலில் ஐஸ், ராத்திரியில் என்ஜின் கனவு. 1883இல் மார்த்தா என்ற பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள். நீராவிக்குப் பதில் அம்மோனியா ஆவியை வைத்து என்ஜின் ஓட்டப் பல வருஷம் முயன்றார். சரிப்பட்டு வரவில்லை.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுகிறது இல்லையா? காற்றை அழுத்தினால் சூடாகும். ரொம்ப அழுத்தினால் ரொம்பச் சூடாகும். எரிபொருளைத் தெளித்தாலே பற்றிக்கொள்கிற அளவுக்குக் காற்றை அழுத்திவிட்டால் ஸ்பார்க் பிளக் எதற்கு? 1892இல் காப்புரிமைக்கு மனுப்போட்டார். 1893இல் கிடைத்தது. அதே வருஷம் தன் கொள்கையை விளக்கி ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெரிய நீராவி என்ஜின் வாங்கப் பெரிய முதலாளியால்தான் முடியும். சின்னப் பட்டறைக்காரர் அதனோடு போட்டி போட முடியாமல் நசுங்கிப் போகிறார். அவருக்கும் கட்டுப்படியாகிற, சிக்கனமான ஒரு என்ஜின் வேண்டும் என்பது டீசலின் ஆசைகளில் ஒன்று. தோல் பட்டறைக்காரர் மகன் அல்லவா?

ஒரு நிமிஷம்... 88 சுற்று

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ருப் நிறுவனமும் பணம் போட முன்வந்தன. 1893 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதல் சோதனை. எரிபொருள் பற்றியது, அழுத்தம் எகிறியது, இண்டிகேட்டர் கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் தப்பியது அதிர்ஷ்டம்! ஆனால் டீசலுக்கு வருத்தமே இல்லை. அழுத்தினால் எரியும் என்பது நிரூபணமாகிவிட்டதே!

1894 பிப்ரவரி 17ஆம் தேதி என்ஜின் முதன்முறையாகத் தன் சொந்தச் சக்தியில் ஓடியது. எவ்வளவு நேரம்? ஒரே ஒரு நிமிஷம். எத்தனை சுற்று? 88. அதுவரை வெளியிலிருந்து பெல்ட் போட்டுத்தான் அதைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போது என்ஜினே பெல்ட்டை இழுப்பதை முதலில் கவனித்த மெக்கானிக், பேசாமல் தன் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார் என்பார்கள். அந்த மெக்கானிக்கை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்த ஒரு நிமிஷத்தை நம்பகமான என்ஜினாக மாற்ற இன்னும் மூன்று வருஷம் பிடித்தது. 1897 பிப்ரவரியில் மியூனிக்கிலிருந்து பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து முறைப்படி சோதனை செய்தார். வெப்பத்திறன் 26.2 சதவீதம்! உலகமே திரும்பிப் பார்த்தது.

அந்த என்ஜினின் அளவைக் கேளுங்கள். ஒற்றை சிலிண்டர். போர் 250 மி.மீ., ஸ்ட்ரோக் 400 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 19.6 லிட்டர் கொள்ளளவு வரும். கொடுத்த சக்தியோ 18 குதிரைத்திறன்தான். இன்றைக்கு டொயோட்டா ஃபார்ச்சூனரில் இருக்கிற 2.8 லிட்டர் டீசல் என்ஜின் 200 குதிரைத்திறனைத் தாண்டுகிறது. ஏழில் ஒரு பங்கு அளவு, பத்து மடங்கு சக்தி! வளர்ச்சி என்றால் இதுதான்.

கோடீஸ்வரரின் கணக்கு

பணம் கொட்டியது. அமெரிக்க உரிமைக்காக மட்டும் அடோல்ஃபஸ் புஷ் என்ற பீர் ஆலை அதிபர் 10 லட்சம் மார்க் கொடுத்தார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் என்ஜினுக்குப் பெரும் பரிசு. அங்கே ஒரு சின்ன டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. இன்றைக்கு நாம் பயோடீசல் என்று புராஜக்ட் செய்கிறோமே, அதற்கு அன்றைக்கே பிள்ளையார் சுழி போட்டாச்சு!

ஆனால் விற்ற என்ஜின்கள் சும்மா இருக்கவில்லை. 1898இல் கெம்ப்டன் என்ற ஊரின் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போன முதல் என்ஜின் அடிக்கடி மக்கர் பண்ணியது. வாங்கியவர்கள் புகார் மேல் புகார். லேப்பில் நிபுணர்கள் பக்கத்தில் நின்று ஓட்டுவது வேறு, விலை கொடுத்து வாங்கினவர் தினமும் ஓட்டுவது வேறு. டீசல் இதை மிகவும் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார். வழக்குகள், ஓயாத வேலை, உடம்பு சரியில்லாமல் போனது, ஓய்வு இல்லத்தில் சிகிச்சை.

இதற்கு நடுவில் மியூனிக்கில் அரண்மனை மாதிரி ஒரு வீடு கட்டினார். நிலத்தில் பணம் போட்டார், எண்ணெய் வயல்களில் பணம் போட்டார். போட்டதெல்லாம் போச்சு. என்ஜினில் ஒரு சொட்டு எரிபொருள்கூட வீணாகக் கூடாது என்று வாழ்நாள் முழுவதும் பாடுபட்டவர், தன் வீட்டு வரவு செலவில் ஓட்டை விழுந்ததை அடைக்கவில்லை. வெளியே ஆடம்பரம், உள்ளே கடன்.

என்ஜினோ வளர்ந்துகொண்டே இருந்தது. 1912இல் டென்மார்க்கின் செலாண்டியா என்ற பெரிய கப்பல் டீசல் என்ஜினில் கடல் கடந்தது. அதே வருஷம் அமெரிக்கா போன டீசலுக்கு அங்கே ஏக வரவேற்பு.

1913 செப்டம்பர் 29ஆம் தேதி இங்கிலாந்துக்குப் போவதற்காக ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். நண்பர்களோடு இரவுச் சாப்பாடு சாப்பிட்டார். காலையில் 6.15க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. படுக்கை கலையவில்லை. அவருடைய தொப்பியும் கோட்டும் மேல்தளத்தில் கிடந்தன. சுமார் பத்து நாள் கழித்துக் கடலில் ஓர் உடலைப் பார்த்த டச்சுக் கப்பல்காரர்கள், சட்டைப்பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அந்தப் பொருட்கள் அப்பாவுடையவை என்று மகன் யூஜென் அடையாளம் காட்டினார்.

புறப்படும் முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தார். அதில் 20,000 மார்க் ரொக்கமும், வங்கியில் ஒன்றுமே மிச்சமில்லை என்று காட்டுகிற கணக்குத் தாள்களும் இருந்தன. எதிரிகள் கொன்றுவிட்டார்கள் என்று பல வதந்திகள் கிளம்பின. எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பையில் இருந்த கணக்கைப் பார்த்த பலரும் தற்கொலை என்றே நம்பினார்கள். வயசு 55தான்.

கார் வாங்குகிறவருக்கு டீசல் சொல்லித்தரும் பாடம்

அவர் காலத்து என்ஜின் காருக்குள் அடங்காத கனம். எரிபொருளைத் தெளிக்கத் தனியாக ஒரு கம்ப்ரஸரே தேவைப்பட்டது. பிற்காலத்தில் ராபர்ட் பாஷ் நிறுவனம் சின்ன ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பம்ப்பை உருவாக்கி 1927 முதல் பெருமளவில் தயாரித்தது. அதனால் 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் கார் வந்தது. 100 கி.மீ. ஓட 9.5 லிட்டர் போதும். அதே ரகப் பெட்ரோல் கார் 13 லிட்டர் குடித்தது. அதை ஆசையாக வாங்கியவர்கள் யார் தெரியுமா? டாக்சிக்காரர்கள்! தினமும் நிறைய ஓட்டுகிறவர்களுக்குத்தான் கணக்கு நன்றாகப் புரியும். ஆடம்பர எஸ்.யூ.வி.க்களில் புகழ்பெற்ற ரேஞ்ச் ரோவர் 1970இல் பெட்ரோல் என்ஜினோடுதான் பிறந்தது. 1986இல்தான் அதற்கு டீசல் வந்தது.

டீசலின் மறுபக்கம் புகை. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் புகைச் சோதனையை ஏமாற்ற மென்பொருள் வைத்தது அம்பலமானது. அதே வருஷம் டிசம்பரில் டெல்லி வட்டாரத்தில் 2000 சி.சி. மற்றும் அதற்கு மேற்பட்ட டீசல் கார்களைப் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2016 ஆகஸ்டில் 1 சதவீதக் கட்டணத்தோடு அது நீங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கிறது. அது பிடித்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடேற வேண்டும். அதற்கு வண்டி அவ்வப்போது நீண்ட தூரம் ஓட வேண்டும். வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஒர்க்‌ஷாப்பில் தவம் கிடக்க வேண்டியதுதான்.

ஆகவே நாளைக்கு உங்கள் மாமாவோ, பக்கத்து வீட்டு அண்ணனோ பெரிய டீசல் வண்டி வாங்கலாமா தம்பி என்று கேட்டால், முதலில் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க என்று கேளுங்கள். ஒரு உதாரணம். டீசல் மாடல் 2 லட்சம் ரூபாய் அதிகம், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் திரும்ப 1 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 2,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு நாலு வருஷம் ஆகும். 500 கி.மீ. ஓட்டுகிறவருக்குப் பதினாறு வருஷத்துக்கும் மேல்! மலைப்பாதை, முழு லோடு, நீண்ட தூரம் என்றால் டீசலின் டார்க்குக்கு ஈடில்லை. கௌரவத்துக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். சர்வீஸ், இன்சூரன்ஸ், டயர் செலவையும் எழுதிக் காட்டுங்கள். ஷோரூமில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது வேறு, பத்து வருஷம் வைத்துக் காப்பாற்றுவது வேறு. கெம்ப்டன் தீப்பெட்டித் தொழிற்சாலையை மறக்காதீர்கள்.

போட்டதில் எவ்வளவு பயனாகத் திரும்புகிறது? மியூனிக் வகுப்பறையில் ஒரு ஏழை மாணவர் மனசில் விழுந்த கேள்வி இது ஒன்றுதான். அதை என்ஜினிடம் கேட்டார், உலகம் மாறியது. தன் வாழ்க்கையிடம் கேட்க மறந்தார், கடலோடு போனார்.

நண்பர்களே, நாம் இரண்டு இடத்திலும் கேட்போம். அடுத்த தடவை பங்க்கில் டீசல் என்ற எழுத்தைப் பார்க்கும்போது, அந்த மெக்கானிக் மாதிரி மனசுக்குள்ளேயாவது ஒரு தொப்பியைக் கழற்றுவோம்!