கப்பலுக்காகக் காத்திருக்காத மனிதர்

குழந்தைகளே! கொடுமுடிப் பக்கம் காவிரிக் கரையோரத் தோட்டங்களைப் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சளுக்கும் கரும்புக்கும் தண்ணீர் பாய்ச்ச, கிணற்று மேட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அது பழுதாகி நின்றுவிட்டால் பக்கத்து ஊர்ப் பட்டறைக்குத் தூக்கிப் போவார்கள். காயில் கட்டி, பேரிங் மாற்றி, ஓரிரு நாளில் மறுபடியும் ஓட விட்டுவிடுவார்கள்.

சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. அப்போது மோட்டார் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. அதற்கு வேண்டிய உதிரிபாகமும் கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் வரத் தாமதமானால் மில்லும் நிற்கும், பயிரும் வாடும். இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஜி.டி. நாயுடு.

கோவைக்கு அருகே கலங்கல் என்ற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி பிறந்தார். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். பள்ளிப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டார். ஆனால் கற்பதை மட்டும் நிறுத்தவே இல்லை.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி எப்படி ஓடுகிறது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. கோவைக்கு வந்து ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஓட்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை. அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடியும் பூட்டினார். எந்தப் பாகம் எதற்கு என்பது அவருக்கு விளங்கியது.

பிறகு பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். திருப்பூரில் பணம் சேர்ந்தது, பம்பாயில் நஷ்டமானது. அவர் துவண்டுவிடவில்லை. 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1933-இல் அதில் சுமார் 280 வண்டிகள் இருந்தன.

இத்தனை வண்டிகள் ஓடும்போது ஒரு சின்னப் பாகம் உடைந்தாலும் ஒரு பஸ் நின்றுவிடும். பயணிகள் தவிப்பார்கள். ஆகவே தொழிற்பட்டறைகளில் அவர் மிகுந்த கவனம் செலுத்தினார். பஸ் இன்ஜினில் எங்கே கோளாறு என்று கண்டறியும் கருவியைக்கூட உருவாக்கினார்.

இதற்கிடையே 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவைப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. மில்களுக்கும் கிணறுகளுக்கும் மோட்டார்கள் தேவைப்பட்டன. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து கோவையிலேயே மின் மோட்டார் தயாரித்தார்கள். இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் என்று அது போற்றப்படுகிறது.

அது நல்ல நேரத்தில் வந்தது என்றே சொல்ல வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1939-இல், இரண்டாம் உலகப் போர் மூண்டது. கப்பல்கள் வருவது குறைந்தது. உதிரிபாகங்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததால், நம் மாகாணத்தில் பஸ்களைக் கரி வாயுவில் ஓட்டினார்கள். வெளியூர்ச் சரக்கை மட்டுமே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் அப்போது தெரிந்துகொண்டார்கள்.

பொருளைச் செய்தால் மட்டும் போதாது, செய்யத் தெரிந்த கைகளும் வேண்டும் என்று நாயுடு நினைத்தார். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற அவர் காரணமாக இருந்தார். அதுவே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. படிப்புக் காலத்தைக் குறைத்து, செய்முறைப் பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார்.

எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. 1952-இல் இரண்டு பேர் செல்லக்கூடிய, சுமார் 2,000 ரூபாய் விலையுள்ள சிறிய காரை உருவாக்கினார். அரசு உரிமம் கிடைக்காததால் அது விற்பனைக்கு வரவில்லை. பாகம் இருந்தும், திறமை இருந்தும், ஒரு தாள் இல்லாமல் தொழில் நின்றுபோவதும் உண்டு!

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி நாயுடு காலமானார். கோவை அவிநாசி சாலையில் 2025-இல் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டுள்ளது.

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஒரு பெரிய கப்பல் குறுக்கே சிக்கிக்கொண்டது. ஆறு நாட்கள் வழி அடைபட்டு, நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்துக் கிடந்தன. அதே ஆண்டில் சிறு சிப்புகள் கிடைக்காமல் பல நாடுகளில் கார் தொழிற்சாலைகள் நின்றன. ஆகவே நாயுடுவின் காலத்துப் பிரச்சினை இன்றும் தீர்ந்துவிடவில்லை.

எல்லாப் பொருளையும் ஒரே ஊரில் செய்துவிட முடியாதுதான். ஆனால் ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவர் தட்டுப்பாட்டைக் கண்டு திகைத்து நிற்க மாட்டார். சரிசெய்வார், மாற்று வழி தேடுவார், முடிந்தால் தானே செய்வார். வீட்டில் பழைய கடிகாரமோ, ஓடாத பொம்மைக் காரோ கிடக்கிறதா? பெரியவர்களிடம் கேட்டு மெல்லக் கழற்றிப் பாருங்கள். ஆனால் திரும்பப் பூட்டவும் வேண்டும், சரியா?